கடன் வாங்கிய பாடவேளை

இதை முதன்முதலில் என்னிடம் வந்து சொன்னவர் பிலோமினா. எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவர். என்னைவிட நான்கு ஆண்டு இளையவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வெள்ளைக் கேன்வாஸ் காலணியோடுதான் காய்கறி வாங்கப் போவார். விருமாயிக்கு ஊரில் நடந்த பாராட்டு விழா முடிந்த கையோடு நேரே என் வீட்டுக்கு வந்தார். படியேறும்போதே சொன்னார்: "அக்கா, விருமாயி மைக்கைப் பிடிச்சு, அம்புட்டுச் சனத்துக்கு முன்னால உங்களக் கடன்காரின்னுட்டா."

உட்காருங்கள் தம்பி. அந்தக் கைப்பேசியை இப்படி என் பக்கம் வையுங்கள். நான் கத்திப் பேசும் வழக்கம் இல்லாதவள். விருமாயியைப் பற்றி உங்கள் வார இதழில் நான்கு பக்கம் எழுதப்போவதாகச் சொன்னீர்கள். நல்லது. ஊரே அவளைப் பற்றி உங்களிடம் பேசியிருக்கும். இந்திய மகளிர் கூடைப்பந்து அணிக்குத் தலைமை தாங்கியவள், தங்கப் பதக்கம் வாங்கியவள், ரயில்வேயில் அதிகாரி, எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, கருவேலம் மண்டிக் கிடந்த எங்கள் பள்ளி மைதானத்தைத் தன் பணத்தில் சீராக்கி, ஏழைப் பெண்களுக்கு விளையாட்டுச் சொல்லித் தருகிறவள். அவ்வளவும் உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் மேடை தோறும் அவள் சொல்கிற அந்த ஒரு வாக்கியத்தை நீங்கள் எழுதுவதாக இருந்தால், என்னிடம் முழுவதும் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அந்த விழாவுக்கு நான் போகவில்லை. அழைப்பிதழில் சௌந்தரநாயகி என்ற என் பெயரைப் பிழையாக அச்சிட்டிருந்தார்கள். முப்பத்து நான்கு ஆண்டு தமிழ் கற்பித்த ஊரில் என் பெயரைப் பிழையில்லாமல் எழுத ஒருவர் இல்லை என்றால், நான் எங்கே போய் உட்காருவது? அது போகட்டும்.

பிலோமினாவிடம் கேட்டேன். "கடனா? நான் எவரிடமும் ஒரு காசு கைநீட்டி வாங்கியவள் அல்லேன். என்ன கடன்?"

"காசில்லக்கா. ஒரு பீரியடு. எங்க தமிழம்மா எனக்கு ஒரு பீ.டி. பீரியடு பாக்கி வச்சிருக்காங்க, நான் சாகறதுக்குள்ள வசூல் பண்ணிருவேன்னா. சனம் விழுந்து விழுந்து சிரிக்குது. நானும்..."

"நீயும் சிரித்தாயா?"

"வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிச்சேன்."

நீங்களும் பள்ளியில் படித்தவர்தானே, தம்பி? பாடவேளை கடன் வாங்குவது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாடம் முடியாத ஆசிரியர் உடற்கல்விப் பாடவேளையை வாங்கிக்கொள்வார். தமிழகம் முழுவதும் உள்ள நடைமுறைதான். மைதானத்துக்கு ஓடத் தயாராக நிற்கிற பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்துவோம். "திங்கட்கிழமை திருப்பித் தந்துவிடுகிறேன்" என்று சொல்லித்தான் வாங்குவோம். அது ஒரு மரியாதைச் சொல். கேட்கிற உடற்கல்வி ஆசிரியருக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும்.

விருமாயி அப்போது பத்தாம் வகுப்பு. தகப்பன் இல்லை. தாய் ஒச்சம்மாள் சந்தையில் வெங்காயம் தரம் பிரிக்கும் வேலை. பெண் நெடுநெடுவென்று வளர்ந்திருப்பாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் கரும்பலகை அவளுக்கு மறைக்காது, அவள்தான் பிறருக்கு மறைப்பாள். பிலோமினா அவளைப் பற்றி ஓயாமல் பேசுவார். "அக்கா, இவ கையில பந்து ஒட்டிக்கிருதுக்கா." நான் சொல்வேன், "புத்தகம் ஒட்டுகிறதா என்று பார்."

அன்று வியாழக்கிழமை. காலையிலேயே பிலோமினாவிடம் ஆறாம் பாடவேளையை வாங்கிவிட்டேன். திருப்புதல் தேர்வு வைக்க வேண்டியிருந்தது. அவரும் தலையாட்டிவிட்டார். வகுப்பிலும் சொன்னேன்: "இன்று எனக்குக் கொடுங்கள், திங்கட்கிழமை தந்துவிடுகிறேன்." உணவு இடைவேளையில் தலைமையாசிரியை அறைக்கு மதுரையிலிருந்து தொலைபேசி வந்திருக்கிறது. விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கும் பயிற்சியாளர் அன்று பிற்பகலே வருகிறார், அந்த நெட்டைப் பெண்ணை மைதானத்தில் பார்க்க வேண்டும் என்று. விடுதியில் சேர்ந்தால் சோறு, படிப்பு, உடை எல்லாம் அரசாங்கத்தினுடையது.

பிலோமினா ஓடி வந்தார். "அக்கா, அந்தப் பீரியட மட்டும் குடுத்திருங்கக்கா. அவளோட வாழ்க்கை."

நான் கேள்விகளைக் கரும்பலகையில் எழுதி முடித்திருந்தேன். நீங்களே சொல்லுங்கள், தம்பி. கொடுத்த பொருளைப் பாதியில் திரும்பக் கேட்பது முறையா? மேலும், ஒருத்தியை வெளியே விட்டால் மற்ற நாற்பது பேருக்கும் என்ன நீதி? "தேர்வு முடிந்ததும் அனுப்புகிறேன்" என்றேன். பிலோமினா சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். விருமாயி எழுந்து நின்றாள்.

"உட்கார்."

உட்கார்ந்துவிட்டாள். ஒழுக்கம் இருந்தது அவளிடம். அதை நான்தான் ஊட்டினேன். வெளியே அந்தப் பயிற்சியாளர் தனியாகப் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். அந்த ஓசை வகுப்புக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. தொப், தொப் என்று. பிள்ளைகளுக்குக் கவனம் சிதறியது. எனக்குக் கோபம்தான். பிறகு ஓசை நின்றது. பேருந்துக்கு நேரமாகிவிட்டது போலும். நானும் நிம்மதியாக அடுத்த வினாவைப் படித்தேன்.

அந்த ஆண்டு விருமாயி பொதுத்தேர்வு எழுதவில்லை. விடுதி கிடைக்கவில்லை என்றதும் அவள் தாய் அவளைப் பஞ்சாலைக்கு அனுப்பிவிட்டாள். ஓராண்டு அங்கே இருந்தாள். உழைப்பு யாரையும் கெடுப்பதில்லை. பிறகு பிலோமினா போய், ஆலை வாசலில் நின்று சண்டை போட்டு அழைத்து வந்தார் என்று கேள்வி. மறுபடியும் என் வகுப்பில்தான் உட்கார்ந்தாள். அடுத்த ஆண்டு விடுதிக்கும் போனாள். தமிழில் தொண்ணூற்றொன்று வாங்கினாள், தம்பி. பஞ்சாலையிலிருந்து வந்த பெண் தொண்ணூற்றொன்று! எந்த மேடையிலாவது இதைச் சொல்லியிருக்கிறாளா? கேட்டுப் பாருங்கள். சொல்ல மாட்டாள். பாக்கி ஒன்றுதான் நினைவிருக்கும்.

குடியுங்கள், காபி ஆறிவிடும்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பின்னும் நான் சும்மா இருப்பதில்லை. பத்தாம் வகுப்புக்கு ஊதியம் இல்லாமல் தினமும் காலையில் தமிழ்ச் சிறப்பு வகுப்பு எடுக்கிறேன். வியாழக்கிழமை ஆறாம் பாடவேளையும் என்னுடையது. உடற்கல்விப் பாடவேளைதான், ஆனால் வெகு காலமாக என்னுடையது. இப்போதைய தலைமையாசிரியை என் மாணவி. மறுபேச்சுப் பேச மாட்டாள். பயம் என்று நீங்கள் எழுதிக்கொள்ளாதீர்கள். மரியாதை.

அந்த வகுப்பில் பாண்டிமீனா என்று ஒரு பெண். விருமாயியின் அணியில் ஆடுகிறாள். தகப்பன் சீனிச்சாமி இளநீர் வண்டி தள்ளுகிறவர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி மகளை மில்லுக்கு அனுப்ப முடிவு செய்துவிட்டார். விருமாயி விடவில்லை. அந்த வீட்டுக்கு நடையாய் நடந்திருக்கிறாள். இப்படித்தான் அவள் வீடு வீடாகப் போவாள். பெண்ணை நிறுத்தாதே, கட்டிக் கொடுக்காதே என்று தகப்பன்மாரோடு மல்லுக்கு நிற்பாள். கடைசியில் சீனிச்சாமி சொன்னாராம்: "இந்தா பாருத்தா. கவர்மெண்டு ஆஸ்டல்ல எடம் கெடச்சா அனுப்புறேன். கெடைக்கலைன்னா ஞாயித்துக்கெழம மில்லு ஏசெண்டு வாரான். முன்பணம் பேசியாச்சு. பெறகு என்னையக் குத்தம் சொல்லாத."

விடுதிக்கு ஆள் எடுக்கும் தேர்வாளர்கள் இருவர் வியாழக்கிழமை ஆறாம் பாடவேளைக்கு எங்கள் மைதானத்துக்கே வந்து பார்ப்பது என்று விருமாயி ஏற்பாடு செய்திருக்கிறாள். அந்தப் பாடவேளை முடிந்ததும் அவர்கள் ஆண்டிபட்டிக்குப் போக வேண்டும். பட்டியல் அன்றோடு முடிகிறது. தலைமையாசிரியையிடம் அனுமதியும் வாங்கியாயிற்று. அதை என்னிடம் சொல்லத்தான் தலைமையாசிரியைக்கு நா எழவில்லை.

நான் வழக்கம் போல மணி அடித்ததும் உள்ளே நுழைந்தேன். வினாத்தாளைக் கொடுத்தேன். பாண்டிமீனா விளையாட்டு உடையில் இருந்தாள். "இது என்ன கோலம்?" என்றேன். அவள் கண் வாசலையே பார்த்தது.

வாசலில் விருமாயி. குனிந்துதான் உள்ளே வர வேண்டும் அவள்.

"வணக்கம், டீச்சர்."

"வணக்கம். வகுப்பு நடக்கிறது."

"இது பீ.டி. பீரியடு, டீச்சர். செலக்‌ஷனுக்கு ஆளு வந்துருக்காங்க. மீனாவ அனுப்புங்க."

"முன்னதாக என்னிடம் யாரும் சொல்லவில்லை. வினாத்தாள் கொடுத்துவிட்டேன். தேர்வு முடிந்ததும் அனுப்புகிறேன்."

இதைச் சொன்னதும் அவள் சிரித்தாள், தம்பி. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "அதே வார்த்த, டீச்சர். ஒரு எழுத்து மாறல" என்றாள்.

"இந்தப் பெண்கள் பத்தாம் வகுப்பு. மதிப்பெண்தான் இவர்களைக் காப்பாற்றும், பந்து அல்ல."

"மார்க்கு வேணும்தான், டீச்சர். யாரு இல்லைன்னது? ஆனா மார்க்கு வாங்குறதுக்கு அவ ஸ்கூல்ல இருக்கணும்ல? ஞாயித்துக்கெழமைக்கு அப்புறம் இருக்க மாட்டாளே!"

"மற்ற பெண்களுக்கு என்ன நீதி?"

"சரி. அப்ப நானும் எழுதுறேன்" என்று சொல்லிவிட்டு நேரே கடைசிப் பெஞ்சுக்குப் போனாள். அவளுடைய பழைய இடம். முழங்கால் மேசைக்குள் நுழையவில்லை. காலை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "எனக்கும் ஒரு பேப்பர் குடுங்க." பிள்ளைகள் களுக்கென்று சிரித்தார்கள். நான் பார்த்தேன். அடங்கிவிட்டார்கள்.

என்னை எதிர்த்துப் பேசியிருந்தால் வெளியே அனுப்பியிருப்பேன். எழுத உட்கார்ந்தவளை என்ன செய்வது? வினாத்தாளைக் கொடுத்தேன். கொடுக்கும்போதுதான் கவனித்தேன். தாளைப் பிடித்த இடக் கையில் சுண்டுவிரலின் நுனி இல்லை. என் வகுப்பில் முதன்முதலாக உட்கார்ந்தபோது இருந்தது. நான் அவளுக்கு எழுத்துப் பயிற்சி கொடுத்திருக்கிறேன், எனக்குத் தெரியும். இடையில் எப்போதோ போயிருக்கிறது. பஞ்சாலை இயந்திரங்களில் கவனமாக இருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. தேர்வு நேரத்தில் கேட்கிற கேள்வி அல்ல அது.

வெளியே பந்து ஓசை கேட்டது. தேர்வாளர்களில் ஒருவர் பொழுது போகாமல் தட்டிக்கொண்டிருந்தார். தொப், தொப். சன்னல் வழியே பார்த்தால் மைதானத்தின் ஓரத்தில் சீனிச்சாமி இளநீர் வண்டியோடு நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் பிலோமினா. இருவரும் வகுப்பையே பார்க்கிறார்கள். பாண்டிமீனா பேனாவைத் திறக்கவே இல்லை. வகுப்பில் ஒரு தாள் புரளவில்லை. எல்லாக் காதும் வெளியே.

நான் இரண்டாம் வினாவை விளக்கத் தொடங்கினேன்.

ஓசை நின்றது.

பாண்டிமீனா சட்டென்று என்னைப் பார்த்தாள். விருமாயி தாளிலிருந்து தலை நிமிராமலே சொன்னாள்: "நின்னுருச்சு, டீச்சர்."

பிறகு அவள் நிமிர்ந்தாள். கண்ணில் குறும்பு இல்லை, மேடையில் பேசுகிற மிடுக்கும் இல்லை.

"திங்கக்கெழம தாரேன்னு சொன்னீங்க. நான் அந்தத் திங்கக்கெழம கேன்வாஸ் ஷூ கடன் வாங்கி மாட்டிட்டு வந்தேன். நீங்க டிக்டேஷன் போட்டீங்க. நான் கோவிச்சுக்கல, டீச்சர். பொய் சொல்லக் கூடாது, சொன்ன சொல்லு தப்பக் கூடாதுன்னு அன்னைக்கு நீங்கதான் போர்டுல எழுதிப் போட்டீங்க. எனக்கு வேணாம். எனக்குத் தரவேண்டியத இவளுக்குக் குடுங்க."

தம்பி, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று நான் செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. பாடம் நடத்துவது தவறாக முடியாது. எத்தனையோ பாடவேளை வாங்கியிருக்கிறேன், எத்தனையோ பேர் அதனால் தேறியிருக்கிறார்கள். அவை எல்லாம் வேறு. ஆனால் "திங்கட்கிழமை தந்துவிடுகிறேன்" என்று சொன்னது என் வாய். மரியாதைச் சொல் என்று எனக்குத் தெரியும். அதை அப்படியே நம்பி ஒரு பெண் காலணி இரவல் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள் என்றால், சொல் சொல்தான். நூலகப் புத்தகத்தைக்கூட ஒரு நாள் தாமதித்துக் கொடுத்தவள் அல்லேன் நான். நாற்பது பெண்கள் முன்னால், வாக்குத் தவறியவள் என்று ஒருத்தி என்னைச் சொல்வதா?

"வினாத்தாளை மூடுங்கள்" என்றேன். "எல்லோரும் எழுந்திருங்கள். வரிசையாக, சத்தமில்லாமல் மைதானத்துக்கு."

சத்தமில்லாமலா போனார்கள்! பெஞ்சு உருண்டது. பாண்டிமீனா சன்னலைத் தாண்டியே குதித்துவிட்டாள். அதற்குத் தனியாகக் கண்டித்தேன், பிறகு.

தேர்வாளர்கள் பொறுமை இழந்து ஜீப்பின் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்கள். பிலோமினா எழுபது வயதை மறந்து ஜீப்புக்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றார். "சார், பிள்ள வந்துருச்சு சார்! எறங்குங்க சார்!" நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறாம் பாடவேளையில் பன்னிரண்டு நிமிடம் கழிந்திருந்தது.

எனக்கு விளையாட்டு தெரியாது. ஆனால் அந்தப் பெண் பந்தோடு ஓடியபோது பார்த்தேன். வகுப்பில் பெயர் சொன்னால்கூடத் தலை நிமிராத பெண், மூன்று பேர் மறித்தும் இடையில் புகுந்து எழும்பினாள். சீனிச்சாமி வாய் பிளந்து நின்றார். "ஏத்தா, இது நம்ம புள்ளையா?" என்று பிலோமினாவைக் கேட்டார். "வேற யாரு புள்ள? வண்டியப் பாருய்யா, இளநீ உருளுது" என்றார் பிலோமினா. விருமாயி கோட்டுக்கு வெளியே நின்றாள். கையை மட்டும் இறுக மூடியிருந்தாள்.

ஓட வைத்தார்கள், குதிக்க வைத்தார்கள். பிறகு ஆட்டத்தில் இறக்கிப் பார்க்க வேண்டும் என்றார்கள். பத்துப் பேரை நிறுத்தி ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மணி அடித்துவிட்டது.

அடுத்தது கணக்கு. கணக்காசிரியர் தனுஷ்கோடி, அளவுகோலும் சுண்ணக்கட்டியுமாக மைதானத்தின் விளிம்புக்கே வந்து நின்றார். அவரும் பாடம் முடிக்க வேண்டியவர். பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "முழு ஆட்டம் பார்க்காமல் எழுத முடியாதுங்க, மேடம்" என்றார். விருமாயி என்னைப் பார்க்கவில்லை. சீனிச்சாமி வண்டியின் கைப்பிடியைத் தூக்கிவிட்டார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணி அடித்தது சரி. ஆனால் நான் கொடுத்தது இருபத்தெட்டு நிமிடம்தான். ஒரு பாடவேளை என்பது நாற்பது. குறைத்துக் கொடுத்துவிட்டுக் கொடுத்தேன் என்று சொல்லலாமா?

தனுஷ்கோடியிடம் போனேன். என் பணிக்காலத்தில் விளையாட்டுக்காக எவரிடமும் நான் கேட்டதில்லை. "ஐயா, உங்கள் பாடவேளையில் எனக்குப் பன்னிரண்டு நிமிடம் கடனாக வேண்டும்."

அவர் பதறிவிட்டார். "என்னம்மா, நீங்க போய் எங்கிட்டக் கேக்கலாமா? முழு பீரியடும் எடுத்துக்குங்க!"

"வேண்டாம். பன்னிரண்டு. நாளைக் காலை என் சிறப்பு வகுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள்."

ஆட்டம் நடந்தது. கடைசியில் பாண்டிமீனா நடுக்கோட்டிலிருந்து ஓடி வந்து போட்ட பந்து வளையத்தில் சுற்றிச் சுற்றி வந்தது. நான் கோட்டருகே போய் நின்றிருந்தேன்; நிழல் அங்கேதான் இருந்தது. பந்து உள்ளே விழுந்தது. தேர்வாளர் அங்கேயே சீனிச்சாமியைக் கூப்பிட்டுக் கை கொடுத்தார். மில் தரகர் ஞாயிற்றுக்கிழமை வந்து, இளநீர் குடித்துவிட்டுப் போனாராம். இளநீருக்கும் காசு வாங்கிவிட்டார் சீனிச்சாமி. பாண்டிமீனா இப்போது விடுதியில் இருக்கிறாள். அங்கே தமிழ் யார் நடத்துகிறார் என்று காப்பாளரிடம் தொலைபேசியில் விசாரித்திருக்கிறேன். பதில் திருப்தியாக இல்லை.

தனுஷ்கோடிக்குத் தர வேண்டியதை மறுநாள் காலையே தந்துவிட்டேன். அது வேறு கணக்கு.

ஆட்டம் முடிந்ததும் விருமாயி என்னிடம் வந்தாள். வியர்வை அவளுக்கு, ஆடியது என்னவோ அந்தப் பெண். "சரியாப் போச்சு, டீச்சர். இனி மேடையில சொல்ல மாட்டேன்" என்றாள். பிறகு பழைய குறும்போடு கையை நீட்டினாள். "வட்டி எங்க?"

நீட்டியது இடக் கை.

நான் என் கடிகாரத்தைப் பார்த்தேன். வட்டி என்று எந்தப் பேச்சும் இல்லை, தம்பி. இதையே நீங்கள் எழுத வேண்டும். பிழையில்லாமல் எழுத வேண்டும். விருமாயியிடம் தமிழாசிரியை சௌந்தரநாயகி வாங்கியது ஒரு பாடவேளை. திருப்பித் தந்தது, முதல் மட்டும், நாற்பது நிமிடம்.